மருந்து தீராத ஏவுகணை

அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டில் ஏவுகணைக்கு மருந்து தீரவே தீராது. எதிரி விமானம் ஒன்றை ஏவிவிட்டால் அது வால் நிறையப் புகையோடு என் பின்னாலேயே வரும். இடது பக்கம் திரும்பினால் அதுவும் திரும்பும், மேலே ஏறினால் அதுவும் ஏறும். இரண்டு நிமிடம் ஆனாலும் அதே வேகம், அதே புகை. கடைசியில் என் விமானம் வெடித்துத் திரை சிவந்துபோகும். மற்றவர்களுக்குத் தோற்றுப்போனதில் கோபம் வரும். எனக்கு வந்த கோபம் வேறு. இவ்வளவு நேரம் எரிய வேண்டுமென்றால் அந்த ஒல்லிக் குழாய்க்குள் எவ்வளவு மருந்தைத்தான் அடைத்திருக்கிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தொடங்குவேன்.

இப்படிக் கோபப்பட எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் நான் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் டெஸ்டிங் பார்த்துக்கொண்டிருந்தேன். விருதுநகரில் வேதியியல் படித்து முடித்தவனுக்கு உள்ளூரில் கிடைத்த வேலை. ஒவ்வொரு லோடிலும் சிலவற்றை எடுத்து, கம்பெனிக்குப் பின்னால் இருந்த கரிசல் தரிசில் வெடித்துப் பார்த்து, நோட்டில் எழுத வேண்டும். ராக்கெட் கிளம்பியதும் வாய்க்குள் எண்ணுவேன். மூன்று எண்ணுவதற்குள் சீறல் நின்றுவிடும், புகையும் அத்தோடு சரி. அதற்குப் பிறகு அது மேலே போவது எறிந்த கல் போகிற மாதிரிதான். நாள் முழுக்க இதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், திரையில் ஒருவன் ஊர் முழுக்கப் புகைவிட்டுக்கொண்டு என்னைத் துரத்துகிறான். எப்படிப் பொறுத்துக்கொள்வது?

விஸ்வநத்தத்தில் அண்ணன் வீட்டில்தான் இருந்தேன். அண்ணன் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மிஷின்மேன். என் கம்ப்யூட்டருக்குத் தூசி படாமல் போர்த்த, நிறம் தப்பி அச்சான காலண்டர் தாள்களைக் கொண்டுவந்து கொடுப்பார். அதனால் என் கம்ப்யூட்டர் மேல் எப்போதும் பச்சை முகத்தோடு ஒரு லட்சுமி உட்கார்ந்திருப்பாள். மதினி என் கம்பெனியிலேயே ராக்கெட் செக்‌ஷனில் குச்சி கட்டினார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த வேலை. கட்டிய ராக்கெட்டை ஆள்காட்டி விரலின்மேல் குறுக்காக வைத்துப் பார்ப்பார். அது தலைப்பக்கமும் சாயாமல் வால்பக்கமும் சாயாமல் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பிரித்துத் திரும்பக் கட்டுவார். அவர் கட்டியது பிரிந்து நான் பார்த்ததே இல்லை.

அவருக்கு என்னைக் கேலி செய்வதில் தனி ருசி. சாயங்காலம் நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் அடுப்படியிலிருந்தே ஆரம்பித்துவிடுவார்.

"கொளுந்தனாரே, அங்கன கம்பெனியிலயும் ராக்கெட்டு, இங்கன வீட்டுலயும் ராக்கெட்டு. ஒங்களக் கட்டிக்கிட வாரவ காதுல பஞ்ச வச்சிக்கிட்டுத்தான் வரணும்."

நானும் ஏதாவது திருப்பிச் சொல்வேன். அண்ணன் நடுவில் மாட்டிக்கொண்டு சிரிப்பார். அந்த வீட்டில் சாயங்காலம் என்றால் அதுதான்.

விமான விளையாட்டுக்காரர்கள் கூடிப் பேசும் இணையதளம் ஒன்று இருந்தது. சிவகாசியில் பிரவுசிங் சென்டருக்குப் போகும்போதெல்லாம் அதைப் படிப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனம் பொறுக்காமல் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நானும் எழுதிப் போட்டேன். நான் ராக்கெட் சோதிப்பவன், உங்கள் ஏவுகணை பொய், மருந்து தீர்ந்த பிறகு எதுவும் துரத்தாது, அது வேகம் குறைந்து விழத்தான் வேண்டும் என்று. திட்டுவார்கள் என்று நினைத்தேன். ஆனால் அடுத்த வாரம் போய்ப் பார்த்தால், யாரோ ஒருவர் வரிக்கு வரி பதில் எழுதியிருந்தார். எந்த நாட்டுக்காரரோ, இன்றுவரை தெரியாது. அவரும் இன்னும் சிலரும் சேர்ந்து அந்த விளையாட்டின் ஏவுகணைகளை நிஜம்போல நடக்கவைக்கத் திருத்தம் ஒன்றைத் தயார் செய்துகொண்டிருந்தார்களாம். மருந்து எரியும் நேரம், அதற்குப் பிறகு காற்று இழுத்து வேகம் குறைவது, வேகம் குறைந்தால் திரும்ப முடியாமல் போவது என்று எல்லாவற்றையும் கணக்குப் போட்டுச் சேர்க்கிறோம், முடிந்ததும் நீங்களும் பார்த்துச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். கடல் தாண்டி ஒருவர் என்னிடம் அபிப்பிராயம் கேட்கிறார். அந்த வாரம் நான் நடந்த நடையே வேறு.

அந்த நடைக்கு ஆடி முதல் வாரத்தில் முடிவு வந்தது.

வடக்கிலிருந்து ஒரு வியாபாரி வந்திருந்தார். தீபாவளி சீசனுக்கு ஒரு புது ராக்கெட் கேட்டிருந்தார். குழாய் சின்னதாக இருக்க வேண்டும், குச்சி வழக்கத்தைவிட நீளமாக இருக்க வேண்டும், கையில் பிடித்தால் எடுப்பாகத் தெரிய வேண்டும். மாதிரிக்கு ஒரு தட்டு கட்டியாயிற்று. மேனேஜர் அவரைத் தரிசுக்கு அழைத்துவந்தார். ஆடிக்காற்று மேற்கிலிருந்து மண்ணை வாரி வாரி அடித்துக்கொண்டிருந்தது. டெஸ்டிங்கில் எங்களுக்கு ஒரு பழக்கம். புகை மூஞ்சியில் அடிக்காமல் இருக்க, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் போய் நின்றுகொள்வோம். புஸ்வாணம் என்றாலும் சரி, சரவெடி என்றாலும் சரி, அதுதான் முறை. எனக்கு முன்னால் அந்த வேலை பார்த்தவரும் அங்கேயேதான் நின்றார். வியாபாரியையும் மேனேஜரையும் மேற்கே நிறுத்திவிட்டு, ஊன்றியிருந்த இரும்புக் குழாயில் ராக்கெட்டை வைத்துப் பற்றவைத்து நானும் அங்கே ஓடினேன்.

அது கிளம்பியது. பனைமர உயரம்கூடப் போகவில்லை. யாரோ கூப்பிட்டது போல மேற்கே திரும்பி, படுத்து, நேராக எங்களைப் பார்த்து வந்தது. வியாபாரி வெள்ளைப் பேண்ட்டோடு கரிசலில் குப்புற விழுந்தார். அது எங்கள் தலைக்கு மேலே சீறிப் போய்ப் பின்னால் கருவேலங்காட்டு ஓரத்தில் வெடித்தது. யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. மேனேஜர் வியாபாரியின் முழங்காலைத் தட்டிவிட்டபடியே, என்ன காரணம் என்று என்னைப் பார்த்தார்.

எங்கள் டெஸ்டிங் நோட்டில் பழுதுக்கென்று ஐந்து கட்டங்கள் அச்சடித்திருக்கும். மருந்து, குழாயை அடைக்கிற மண், திரி, குச்சி, ஈரம். கிளம்பிவிட்டதால் திரி சரி, சீறியதால் மருந்தும் மண்ணும் சரி. ஈரம் ஆடியில் ஏது? வளைந்து போனால் குச்சிதான். நான் யோசிக்கக்கூட இல்லை. 'குச்சி – கட்டு சரியில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகுதான் மேனேஜர் தட்டில் கிடந்த டோக்கன் சீட்டை எடுத்து, யார் கட்டியது என்று எண்ணைப் படித்தார். அது மதினியின் எண்.

அந்த நிமிடமே எழுதியதை அடித்திருக்கலாம். ராக்கெட்டைத் தேடி எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். வீட்டு ஆளுக்காக மாற்றி எழுதுகிறான் என்று மேனேஜர் நினைத்துவிடுவாரோ என்று பயந்தேன். நேர்மையான ஆள் என்று பெயர் வாங்கும் ஆசையில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் மதினியை ராக்கெட் செக்‌ஷனிலிருந்து எடுத்து, பெட்டி மடிக்கிற அறைக்கு அனுப்பிவிட்டார்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் வேலை பழகுகிற இடம் அது. அத்தனை வருடம் குச்சி கட்டியவர், நேற்று வந்த பெண்ணிடம் அட்டை மடிப்பு கேட்டுக் கற்றுக்கொண்டார். மதியம் சாப்பிடுகிற வேப்பமரத்தடிக்குக்கூடப் போகாமல் அறை வாசலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாராம்.

வீட்டில் சண்டை எதுவும் இல்லை. சண்டை வந்திருந்தால் தேவலை. மதினி என்னிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டார். "ஒங்க தம்பியச் சாப்பிட வரச் சொல்லுங்க" என்பார் அண்ணனிடம். நான் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருப்பேன். அண்ணனும் என்னைப் பார்த்து, சாப்பிட வரச் சொல்றா என்பார். தட்டில் குறை எதுவும் இருக்காது. கூட்டு, பொரியல், ரசம் எல்லாம் முன்போலவே வரும். கொழுந்தனாரே என்ற சொல் மட்டும் வராது. நான் விமானத்தில் செத்தேனா பிழைத்தேனா என்று கேட்க அந்த வீட்டில் ஆள் இல்லாமல் போயிற்று.

ஆடி கடைசியில் அந்தத் திருத்தம் வந்தது. பிரவுசிங் சென்டரில் அரை நாள் உட்கார்ந்து இறக்கி, சிடியில் ஏற்றி எடுத்துவந்தேன். போட்டுப் பார்த்தேன். எதிரி ஏவினான். புகை வந்தது. நான் என் பழக்கப்படி வாய்க்குள் எண்ண ஆரம்பித்தேன். நாலைந்து எண்ணுவதற்குள் புகை நின்றது. பிறகு அந்த ஏவுகணை கண்ணுக்கே தெரியவில்லை. விமானத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து வேகமாக வளைத்தேன். அது என்னோடு வளையப் பார்த்து, முடியாமல், வேகம் செத்து, கீழே போய்விட்டது. நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். வேறு நாளாக இருந்தால் மதினியைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன். அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டது. மறுபடி உட்கார்ந்துகொண்டேன்.

குறை கண்டுபிடிப்பது என் தொழில் ஆயிற்றே, சும்மா இருப்பேனா? எப்படியெல்லாம் ஏவிப் பார்க்கலாமோ அப்படியெல்லாம் ஏவினேன். ஒருமுறை எதையும் குறிவைக்காமல், விமானத்தை வேண்டுமென்றே பக்கவாட்டில் நழுவவிட்டு ஏவினேன். மூக்கு ஒரு பக்கம் பார்க்கிறது, விமானம் வேறொரு பக்கமாகப் போகிறது. ஏவுகணை மூக்கு பார்த்த திசையில் கிளம்பி, கிளம்பிய மறுகணம் தானாகத் திரும்பியது. குறி இல்லை, இலக்கு இல்லை, யாரும் அதைக் கூப்பிடவில்லை. பத்து முறை ஏவினேன், பத்து முறையும் அப்படியே. மாட்டினாயா என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை முதல் வேலையாக சிவகாசிக்கு பஸ் ஏறி, உங்கள் திருத்தத்தில் இப்படி ஒரு பிழை இருக்கிறது என்று எழுதிப் போட்டேன். பதில் பார்க்க ஒரு வாரம் பொறுக்க முடியவில்லை. புதன்கிழமையே வேலை விட்டதும் போய் உட்கார்ந்தேன்.

அவர் பொறுமையாக எழுதியிருந்தார். அது பிழை இல்லை. ஏவுகணைக்கு வாலில் இறக்கை இருக்கிறது. பக்கவாட்டில் அடிக்கிற காற்று வாலைத் தள்ளும். வால் தள்ளப்பட்டால் மூக்கு, காற்று வருகிற பக்கம் திரும்பும். மருந்து எரிந்துகொண்டிருக்கிறவரை மூக்கு பார்க்கிற பக்கம்தான் அது போகும். வால் நீளமாக இருந்தால் இன்னும் சீக்கிரம் திரும்பும். இவ்வளவையும் எழுதிவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்டிருந்தார்.

"காற்று அடிக்கிற நாட்களில் உங்கள் ராக்கெட்டுகள் இப்படிச் செய்வதில்லையா?"

அந்தக் கடைசி வரியை இன்னொருமுறை படித்தேன். காற்று வருகிற பக்கம். மேற்கு. புகைக்குப் பயந்து நாங்கள் வரிசையாகப் போய் நின்ற பக்கம். நீளக் குச்சி. பெரிய நிபுணன் மாதிரி ஊருக்கெல்லாம் ஏவுகணைப் பாடம் எடுத்தேன், கண் முன்னால் போன ராக்கெட்டை நான் பார்க்கவே இல்லை.

மறுநாள் ஆபீஸ் அலமாரியிலிருந்து பழைய டெஸ்டிங் நோட்டுகளை எடுத்துப் புரட்டினேன். தை, மாசிப் பக்கங்களில் குச்சிக் கட்டம் கிட்டத்தட்ட காலி. ஆனி, ஆடிப் பக்கங்களில் அந்தக் கட்டம் நிறைந்து வழிந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியதும் அப்படியே, நான் எழுதியதும் அப்படியே. ஆடி பிறந்தால் மட்டும் இந்தப் பெண்களுக்கெல்லாம் கை கோணிவிடுமா? எத்தனை பேர் எத்தனை வருடம் காற்றுக்காகத் திட்டு வாங்கியிருக்கிறார்கள்! நோட்டில் காற்றுக்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாத எதுவும் எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

மேனேஜரிடம் போய், நான் எழுதியது தப்பு என்று சொன்னேன். அதைச் சொல்வது நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது. அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்துவிட்டு, நிரூபித்துக் காட்டு என்றார். அதே நீளக் குச்சி ராக்கெட்டை வேறு ஐந்து பெண்களைக் கட்டச் சொல்லி ஆளுக்கு ஒன்று எடுத்தேன். பிறகு பெட்டி அறைக்குப் போனேன். மதினி அட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். தரிசு வரைக்கும் வர முடியுமா என்று கேட்டேன். கையைத் தட்டிவிட்டு எழுந்து பின்னாலேயே வந்தார். குச்சி கட்டுகிற பெண்கள் யாரும் தாங்கள் கட்டியது எப்படிப் பறக்கிறது என்று பார்க்கத் தரிசுக்கு வந்ததே இல்லை. அவர்களை யாரும் அழைத்ததும் இல்லை.

காற்று அன்றைக்கும் மேற்கிலிருந்துதான். வியாபாரி நின்ற இடத்தில் ஒரு காலி எண்ணெய் டின்னை வைத்தேன். எல்லோரையும் தள்ளி வடக்குப் பக்கமாக நிறுத்தி, இணையத்தில் அந்த வெளிநாட்டுக்காரர் எழுதியதைச் சொன்னேன். முதல் ராக்கெட் கிளம்பித் திரும்பி டின்னுக்கு மேலாகப் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவது டின்னை உரசுகிற மாதிரி போனது. ஐந்து பேர் கை, ஐந்து டோக்கன், ஐந்தும் மேற்கே. பிறகு இரும்புக் குழாயைக் கிழக்குப் பக்கமாகச் சற்றுச் சாய்த்து ஊன்றி, பெட்டி அறைக்குப் போவதற்கு முன் மதினி கட்டிவைத்திருந்ததில் ஒன்றை எடுத்து வைத்தேன். அது கிளம்பி, காற்றோடு கொஞ்சம் மல்லுக்கட்டி, நிமிர்ந்து, நேராக மேலே போய்ச் சின்னதாக வெடித்தது. மேனேஜர் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டு, நாளையிலிருந்து அந்தம்மாவைப் பழைய இடத்துக்கே வரச் சொல் என்றார். அந்தம்மா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். எனக்கு நெஞ்சுக்குள் இருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. நோட்டை வாங்கி, மதினி பார்க்க, அந்தப் பழைய வரியை அடித்தேன். ஓரத்தில் கோடு கிழித்து ஆறாவதாக ஒரு கட்டம் போட்டு, காற்று என்று எழுதினேன்.

மதினி திரும்பி நடந்துவிட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அண்ணன் இன்னும் வந்திருக்கவில்லை. நான் கம்ப்யூட்டர் பக்கமே போகாமல் கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்தேன். மதினி முக்காலி போட்டு ஏறி, பரணிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய நீளமான ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். பிரித்தேன். ஒரு ராக்கெட் குச்சி. வெடித்த குழாயின் கிழிந்த காகிதம் கருகி ஒட்டிக்கொண்டிருந்தது. கீழ்க்கட்டு அப்படியே இருந்தது. நூல் ஒரு சுற்றுக்கூட நெகிழவில்லை. குச்சியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். மட்டப்பலகை வைத்த மாதிரி நேராக இருந்தது.

"அன்னைக்கே கருவேலங்காட்டுல போயித் தேடி எடுத்தாந்துட்டேன்" என்றார். ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வாக்கியம்.

ஏன் காட்டவில்லை என்று கேட்டேன்.

"நீங்க கேக்கலயே. எந்தச் சீமையில இருக்கவுககிட்டயோ ராக்கெட்டு எப்பிடிப் போகும்னு கேட்டீக. குச்சி கெட்டுனவ இங்கனதான இருக்கேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் குத்தியது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை, எப்படித் தொடங்குவது என்றும் தெரியவில்லை. குச்சியை விரல்மேல் குறுக்காக வைத்து நிறுத்தப் பார்த்தேன். குழாய் போய்விட்டதால் அது வால்பக்கமாகச் சரிந்து விழுந்தது. மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்து குரல் வந்தது.

"கொளுந்தனாரே, தோச சுடவா, சாப்பிட வாரீகளா?"

வாரேன் மதினி என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அன்றைக்கு எத்தனை தோசை சாப்பிட்டேன் என்று மதினி ரொம்ப வருடம் சொல்லிச் சொல்லிக் கேலி செய்தார்.